இல்லாத தண்டவாளத்தைக் காண்பது

ரயில் நின்றுபோன பாதைகளைத் தேடிப் போவது ரயில் ஆர்வலர்களின் பொழுதுபோக்குகளில் ஒரு தனி வகை. எஞ்சினைப் படம் எடுக்கிறவருக்கும் பழைய கால அட்டவணைகளைச் சேர்க்கிறவருக்கும் கண்முன்னே ஒரு பொருள் இருக்கிறது. கைவிடப்பட்ட பாதையைத் தேடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நாலைந்து பேர் ஒரு காரில் ஏறி, பழைய வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, பகல் முழுக்கச் சுற்றிக் கடைசியில் கண்டுபிடிப்பது ‘இந்த இடத்தில் தண்டவாளம் இல்லை’ என்பதைத்தான். அந்த இடத்தில் தினமும் ஆடு மேய்க்கிறவருக்கும் அங்கே தண்டவாளம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் இருவரும் அறிந்தது ஒன்றுதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது? இல்லாமை என்பது ஒரு பொருளா, அதைக் கண்ணால் காண முடியுமா என்று இந்தியத் தருக்க மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதாடியிருக்கிறது. அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க, பெயர்த்தெடுக்கப்பட்ட ரயில் பாதையைப் போல வசதியான இடம் குறைவு.

தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட பாதைகளுக்குப் பஞ்சமில்லை. மொரப்பூர்–தருமபுரி, திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதைகள் நெடுநாள் முன்பே மூடப்பட்டன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன மீட்டர் கேஜ் பாதை 1926-இல் வந்து 1986-இல் நின்றது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கிய கொச்சி அரசின் டிராம் பாதை 1963 வரை ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொண்டுபோனது. மலையாள ஆண்டுக் கணக்கை வைத்துக் கேரளத்தார் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் பெயர்பெற்றது பாம்பன்–தனுஷ்கோடி பாதை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடி துறையில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் இழுத்தது. பாம்பன் பாலம் சில வாரங்களில் சீர் செய்யப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை திரும்பப் போடப்படவில்லை.

இந்தத் தேடலுக்குக் கார் வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ரயில் நின்ற இடத்துக்கு ரயிலில் போக முடியாது. பஸ் பழைய பாதையை விட்டு விலகி ஊருக்குள் நுழைந்துவிடும். தவிர, பாதை தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. அரை கிலோமீட்டர் வயலுக்கு நடுவே மேடாகத் தெரியும், பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் கீழே மறையும், அப்புறம் தார்ச்சாலையாகவே மாறியிருக்கும். இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் போக வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் பெரும்பாலும் எதையும் பார்ப்பதில்லை என்பது இந்தக் குழுக்களில் நிரந்தரமான குறை.

பார்க்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சமவெளியில் முதல் தடயம் வளைவு. மாட்டுவண்டித் தடத்திலிருந்து பிறந்த சாலை வரப்புக்கு வரப்பு ஒடிந்து திரும்பும். ரயில் கரை நெடுந்தூரம் எடுத்து மெதுவாக வளையும். வயல்களின் எல்லைகளை மதிக்காமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு மேடு, அதன் இருபுறமும் மண் எடுத்த பள்ளங்கள், தண்ணீரே வராத இடத்தில் கருங்கல்லால் கட்டிய சிறுபாலம் ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் சேர்ந்தால் சந்தேகம் குறைகிறது. ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஸ்டேஷன் ரோடு என்று ஒரு தெரு இருந்தால் இன்னும் குறைகிறது. வேலித் தூணாகவோ விளக்குக் கம்பமாகவோ நட்டுவைத்த பழைய தண்டவாளத் துண்டும் உதவும். அதன் முனைப்பக்கத்தில், அடுத்த தண்டவாளத்தோடு ஃபிஷ் பிளேட் வைத்து இணைக்கப் போட்ட துளைகள் இருக்கும். துளைக்குள் துருவேறியிருக்கும்; சில இடங்களில் யாரோ கொடிக்கயிற்றைக் கோத்திருப்பார்கள். மலையில் இந்த இலக்கணம் மாறும். இரண்டடி அகல மூணாறுப் பாதை சாலையைப் போலவே இறுக்கமாகத் திரும்பக்கூடியது; அங்கே வளைவைப் பார்த்துப் பயனில்லை. ஏற்றம் திடீரென்று கூடாமல் ஒரே சீராகப் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக் கண்டுபிடிக்கப்படுவது எந்த வகை இல்லாமை? தருக்க மரபில் வைசேடிகர் என்னும் பள்ளியினர் இருப்புப் பொருள்களை ஆறாக வகுத்தார்கள். பின்வந்தவர்கள் அபாவத்தை, அதாவது இல்லாமையை, ஏழாவது பொருளாகச் சேர்த்தார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் இந்த ஏழையும் எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதைத் தமிழாக்கியதால் இந்தப் பகுப்பு தமிழ் படித்தவர்களுக்கும் பாடமாயிற்று. அபாவம் நான்கு. குடம் வனையப்படுமுன் அது இல்லாதிருப்பது முன்னபாவம். அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவுபாட்டபாவம்; அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. காற்றில் நிறம் என்றைக்குமே இல்லாதது என்றுமபாவம். குடம் துணியன்று என்பது ஒன்றினொன்றபாவம். ரயிலையே காணாத ஒரு மலைக்கிராமத்திலும் தண்டவாளம் இல்லை, தனுஷ்கோடியிலும் இல்லை. முதலாவது ஆர்வலரை இழுப்பதில்லை. அவர் தேடிப் போவது அழிவுபாட்டபாவத்தை; அதாவது தொடக்கத் தேதி உள்ள ஓர் இல்லாமையை. தனுஷ்கோடிக்கு அந்தத் தேதி ஓர் இரவு. தரங்கம்பாடிக்கு அது ரயில்வேயின் ஓர் உத்தரவு.

அடுத்த கேள்வியில்தான் சண்டை. இந்த இல்லாமையை அறியும் கருவி எது?

மீமாஞ்சகர்களில் பிரபாகரர் வழி வந்தவர்கள் அபாவம் என்று தனிப்பொருளே இல்லை என்றார்கள். தரையில் குடம் இல்லை என்றால் அறியப்படுவது வெறும் தரை மட்டுமே. ‘இல்லை’ என்பது தரையைப் பற்றி நாம் பேசும் ஒரு முறை. நியாயப் பள்ளியினரான நையாயிகர் இதை ஏற்கவில்லை. வெறும் தரை என்னும்போது அந்த ‘வெறும்’ எதைக் குறிக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். குடம் இருக்கும்போதும் தரை தரைதான். கூடுதலாக ஒன்று அறியப்பட்டால்தான் இரண்டு நிலைகளும் வேறுபடும். அந்தக் கூடுதல்தான் அபாவம். தரையைக் காணும் அதே கண்தான், தரைக்கு அடைமொழியாக நிற்கும் அதையும் காண்கிறது. குமாரிலபட்டர் இருவருக்கும் நடுவில் நின்றார். அபாவம் உண்மையான பொருள் என்பதில் அவர் நையாயிகர் பக்கம். அதைக் கண் காணும் என்பதில் இல்லை. கண் உள்ள பொருளைத் தொடும். இல்லாததைத் தொட எதுவும் கிடையாது. ஆகவே அனுபலப்தி, அதாவது காணப்படாமை என்பதே தனி அளவை, தனி அறிகருவி என்றார். பௌத்தரான தர்மகீர்த்தி காணப்படாமையை அனுமானத்தின் ஒரு வகையாக அடக்கிவிட்டார்.

குமாரிலர் சுலோகவார்த்திகத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு தருகிறார். ஒருவன் காலையில் ஓரிடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறான். அங்கே இன்னது இருந்ததா என்று பிற்பாடு வேறோர் இடத்தில் அவனைக் கேட்கிறார்கள். பார்த்தபோது அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. இப்போது யோசித்து, ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறான். அந்த இடம் எதிரில் இல்லை, கண்ணுக்கு வேலை இல்லை, ஆனால் அறிவு புதிதாகப் பிறந்துவிட்டது. கார்ப் பயணங்களில் இது வழக்கமாக நடப்பது. மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய கால அட்டவணையைப் புரட்டும்போது, இரண்டு ஊர்களுக்கு நடுவே இன்னொரு ஸ்டேஷன் இருந்திருப்பது தெரியவருகிறது. அந்த இடத்தைக் காலையில் எல்லோரும் கடந்தாயிற்று. புளியமரங்கள் நினைவிருக்கின்றன, ஒரு கிணறு நினைவிருக்கிறது. கட்டடம் எதுவும் இல்லை. ‘அங்கே ஸ்டேஷன் இல்லாமல் போயிருக்கிறது’ என்ற அறிவு பெஞ்சில்தான் தோன்றுகிறது. மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு அது போதுமான காரணம்.

ஆனால் அனுபவப்பட்ட ஆர்வலரிடம் நடப்பது வேறு மாதிரி. ஓடும் காரின் ஜன்னலில் ஒரு மேடு வளைந்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நினைவுகூர்தல், ஒப்பிடுதல், முடிவுகட்டுதல் என்று எந்தப் படியும் தென்படுவதில்லை. இதை நையாயிகர் தம் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் இரு தரப்பும் மறுக்கவில்லை. எது இல்லை என்கிறோமோ அது பிரதியோகி. அதை அறியாதவனுக்கு அபாவ அறிவு கிடையாது. ஆடு மேய்ப்பவருக்கும் ஆர்வலருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னவர் காண்பது மேடு. அதில் எது இல்லை என்று அவர் கேட்டுப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா அதே மேட்டில் ரயில் போனதைப் பார்த்தவராக இருந்தால் நிலைமை தலைகீழாகும்; காரில் வந்தவர்கள் அவரிடம் பாடம் கேட்பார்கள். பிரபாகரர் கட்சி தடுமாறுவதும் இதே இடத்தில். மண் இருவருக்கும் ஒன்று, வெளிச்சம் ஒன்று. வெறும் இடம் மட்டுமே அறியப்படுகிறது என்றால் இரண்டு அறிவு எப்படி வந்தது? பிரதியோகியின் நினைவு சேர்வதால் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் அபாவத்தை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறது.

காணவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. நூல்கள் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தன: இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளுக்கு மட்டுமே காணப்படாமை சான்றாகும். இருட்டறையில் குடத்தைக் காணாதது ஒன்றையும் நிறுவாது. தருக்க நூல்கள் பிசாசை எடுத்துக்காட்டாகச் சொல்லும். பிசாசு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே அதைக் காணாததை வைத்து அது இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்று எழுதும் சுற்றுலாக் கட்டுரையாளர்களுக்கு இந்த வாதம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ரயில் பாதைக்கு வந்தால் இந்த நிபந்தனை பெரிய தொல்லை. தனுஷ்கோடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தண்டவாளம் போய்விட்டதா, கீழே கிடக்கிறதா என்பதை மேலே நின்று சொல்ல முடியாது. இடிந்த சர்ச், ஸ்டேஷன் கட்டடத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மணலுக்கு மேலே நிற்பதால் அவற்றின் சிதைவைப் பற்றிப் பேசலாம். பாதையைப் பற்றி அந்த உறுதியோடு பேச முடியாது. மூணாறில் பாதை தேயிலைச் செடிக்குக் கீழே போய்விட்டது; அங்கே இருந்த ஸ்டேஷன் கட்டடமோ தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாகி ஓடும் சுவரும் கெடாமல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் துணை தேவைப்படுகிறது. ஒருவர் காணாதது தவறிப்போனதாக இருக்கலாம். நால்வர் நான்கு பக்கம் பார்த்தும் காணாதது கொஞ்சம் கனமானது. அதற்கு மேல், பிறர் சொல்லிலிருந்து அறியும் உரையளவை உண்டு. தேடலில் பாதி வேலை கேட்பதுதான். “கேட்டு இங்கதான் தம்பி இருந்துச்சு, அந்த வேப்பமரத்துக்கு இந்தாண்ட” என்று ஒரு கிழவி கையை நீட்டினால், வரைபடம் சுருட்டி வைக்கப்படும். தமிழ் மரபு இந்த அளவைகளை நெடுங்காலமாக அறியும். மணிமேகலையில் சமயவாதிகள் கூறும் பத்து அளவைகளில் அபாவம் ஒன்று. பின்னால் வந்த சிவஞான சித்தியார் பத்தையும் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அவற்றை அடக்கியது. அதை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரின் இந்தச் சிக்கனம், கள அனுபவத்துக்குக் குமாரிலரின் தனிக் கணக்கைவிட நெருக்கமாக இருக்கிறது. கைவிட்ட பாதை ஒன்றைக் கண்டுபிடித்தவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பார்த்தோம், யூகித்தோம், கேட்டோம் என்றுதான் சொல்வார்கள்.

பாதை அழிந்தது என்கிறோமே, அழிந்தது எது என்பதும் அவ்வளவு தெளிவாக இல்லை. தண்டவாளம் அழியவில்லை, வேலியில் நிற்கிறது. கட்டைகள் சில வீடுகளில் உத்தரமாயின. ஜல்லி சாலைக்குப் போயிற்று, கரை அப்படியே கிடக்கிறது. ‘மிலிந்தன் கேள்விகள்’ என்ற பௌத்த நூலில் நாகசேனர் தேரைப் பிரித்துப் பிரித்துக் காட்டி, பாகங்களுக்கு அப்பால் தேர் என்று ஒன்று இல்லை, அது ஒரு வழக்குப் பெயர் என்றார். அவர் சொல்வது சரியென்றால், இங்கே ஒரு பெயர் வழக்கொழிந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. நையாயிகருக்கு முழுப்பொருள் பாகங்களிலிருந்து வேறான உண்மைப் பொருள். பாகங்களின் சேர்க்கை கலைந்தால், பாகங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தாலும், முழுப்பொருள் அழியும். ரயில் பாதையில் இந்த இரண்டாவது விடைக்கு வலு அதிகம். பாதை என்பது இரண்டு இடங்களைச் சேர்ப்பது. நடுவில் ஒரு கிலோமீட்டர் போனால் மிச்சம் உள்ள தண்டவாளம் முழுவதும் இருந்த இடத்திலேயே இரும்பாகிவிடுகிறது. மூணாறுப் பாதையின் மேல்முனையான டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடி வழியாகச் சமவெளிக்குப் போயின. ரயில் பாதையும் போயிற்று, பின்னர் கம்பிவடமும் நின்றது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ரயிலும் வடமும் இல்லாமல் தனியாக நிற்கிறது. காட்சி பார்க்க வருகிறவர்களில் பலர் அது எந்த ஸ்டேஷன் என்று கேட்பதில்லை.

சிதைவைப் பார்க்கப் போகிறவர்கள் நிலையாமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். தமிழில் அதற்குக் காஞ்சித்திணை என்று ஒரு திணையே உண்டு என்பதால் பேச்சு சுலபமாகவும் வரும். ஆனால் நிலையாமையை அறிய ஒரு குட்டிச்சுவர் போதும். பெட்ரோல் போட்டுக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. எல்லாம் அழியும் என்ற பொதுவாக்கியம் இன்னது, இன்ன இடத்தில், இன்ன நாளில் அழிந்தது என்பதை மூடிவிடுகிறது. ஆர்வலர்கள் குறிப்பேட்டில் எழுதுவது இரண்டாவதைத்தான்.

தனுஷ்கோடியில் இந்தக் குறிப்பான இல்லாமைக்கு வேறொரு வாரிசும் உண்டு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின், ரயில் தேடுகிறவர்களின் கார் போகும் அதே வழியில் தீர்த்தமாட வருகிறவர்களின் வேன்களும் போகின்றன. சேதுவில் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பது பழைய வழக்கம். தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று உறவு சொல்லி, கோத்திரமும் பெயரும் சொல்லித்தான் எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். பொதுவாக ‘இறந்தவர்கள்’ என்று சொல்லி முடிப்பதில்லை. பிரதியோகியைப் பெயர் சொல்லிச் சுட்டாமல் அபாவம் இல்லை என்ற தருக்க விதி இங்கே சடங்காக நடக்கிறது. இதிலிருந்து ஆர்வலர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய அடக்கம் ஒன்று உண்டு. 1964-இல் அந்த ரயிலில் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பாதையின் இல்லாமை ஆராய்ச்சிப் பொருள் அன்று. இடம் ஒன்றாக இருந்தாலும் பிரதியோகி வேறு. ஒருவர் ரயிலைத் தேடுகிறார், இன்னொருவர் அதில் இருந்த ஆளை. மூழ்கிய பெட்டியின் எண்ணைப் பற்றிக் கரையில் உரக்க விவாதிப்பது தருக்கப்படி குற்றமில்லை; கேட்க நன்றாக இருக்காது.

மீதமிருப்பது திரும்ப வரும் பாதைகளின் சிக்கல். மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-இல் திறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1950-களில் மீண்டும் போடப்பட்டது. 2010 முடிவில் அகலப்பாதைக்காக மூடப்பட்டது; 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடி வரையிலும் ரயில் வந்தது. ஈழத்தில் போரின்போது பெயர்ந்துபோன வடக்குப் பாதையில் 2014-இல் ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு காங்கேசன்துறையையும் தலைமன்னாரையும் எட்டியது. அழிவுபாட்டபாவத்துக்கு முடிவு கிடையாது என்றால், இங்கே முடிந்தது எது? நையாயிகர் அசையமாட்டார்: பழைய பாதையின் அழிவு என்றைக்கும் அழிவுதான், முடிந்தது புதிய பாதையின் முன்னபாவம். ‘அதே ரயில்’ என்பது, வைத்தியர் கொடுத்த மருந்தை ‘அதே மருந்து’ என்று சொல்வது போல, இனத்தைச் சுட்டும் பேச்சு. சைவ சித்தாந்தம் சற்காரியவாதம். உள்ளது அழியாது, காரணத்தில் ஒடுங்கும், மறுபடி தோன்றும். கரை கிடந்தது, நிலம் ரயில்வேயின் பெயரில் கிடந்தது, ஊராருக்கு நினைவு கிடந்தது; அவற்றில் ஒடுங்கியது வெளிப்பட்டது என்று சித்தாந்தி சொல்வார். ‘போடி ரயில் திரும்ப வந்துவிட்டது’ என்று கடைத்தெருவில் பேசியவர்கள் எந்தச் சாத்திரமும் படிக்காமல் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

ஆர்வலர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். பாதை திரும்ப வந்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறவர்கள் உண்டு. மீட்டர் கேஜ் கரை எங்கே விலகியது, பழைய பாலத்தின் தூண் எங்கே தனியாக நிற்கிறது என்று புதுப்பாதையின் ஓரமாகவே தொடர்ந்து தேடுகிறவர்களும் உண்டு. பின்னவர்கள் நையாயிகர்கள். தனுஷ்கோடிக்கு இந்தப் பிரிவினை இன்னும் வரவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டருக்குப் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது வந்தாலும் பழைய பாதை கிடந்த மண்ணில் முழுக்க வர முடியாது. அந்த நிலத்தின் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. ‘இங்கே இல்லை’ என்று சொல்ல ‘இங்கே’ வேண்டும்; அந்தப் பகுதிக்கு அதுவும் போயிற்று. நையாயிகர் அலைமேல் விரலை நீட்டி, இடம் இப்போது தண்ணீர், அவ்வளவுதான் என்பார். எந்தத் தண்ணீர் என்று காட்டக் கண் போதாது. பழைய வரைபடத்தைத்தான் பிரிக்க வேண்டும். வரைபடம் உரையளவையில் சேரும்.